சோப்புக் கரைசலும் இலைவழி உரமும்: எதை எதோடு கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது

செம்பருத்தி மொட்டைச் சுற்றி மாவுப்பூச்சி அப்பியிருந்தாலும், அவரைக் கொழுந்தில் கருப்பு அசுவினி மொய்த்தாலும், எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் சோப்புத் தண்ணீர். நல்ல வைத்தியம்தான். ஆனால் எந்த சோப்பு, எத்தனை கிராம், எந்தத் தண்ணீர் என்ற மூன்றையும் யாரும் சொல்வதில்லை. தெளிக்கிறோமே, சத்தும் சேர்ந்து போகட்டும் என்று அதே வாளியில் பஞ்சகவ்யத்தையோ எப்சம் உப்பையோ (மக்னீசியம் சல்பேட்) ஊற்றிவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பூச்சி சாகாது, சத்தும் இலைக்குள் சரியாகப் போகாது. காரணம் தெரிந்துவிட்டால் எதை எதோடு கலக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

சோப்பு எப்படிக் கொல்கிறது?

சோப்பு என்பது எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்த உப்பு. மென்மையான உடல் கொண்ட பூச்சியின் மேல் அது ஈரமாகப் படும்போது, உடலை மூடியிருக்கும் மெழுகைக் கரைத்து, உள்ளே இருக்கும் செல் சவ்வுகளைக் குலைக்கிறது. மூச்சுத் துளைகளையும் அடைக்கிறது. பூச்சியின் நீர் வெளியேறி அது வற்றிச் சாகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, கரைசல் பூச்சியின் உடலில் நேரடியாகப் பட வேண்டும். இரண்டு, ஈரம் இருக்கும் வரைதான் வேலை நடக்கும். காய்ந்த சோப்புப் படலத்தின் மேல் நாளை வந்து உட்காரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அசுவினி, மாவுப்பூச்சியின் குஞ்சுகள், வெள்ளை ஈ, செம்பேன், இலைப்பேன், செதில் பூச்சியின் நகரும் பருவம் ஆகியவற்றுக்கு சோப்பு பலிக்கும். வண்டுகளுக்கும், வளர்ந்த புழுக்களுக்கும், காய்க்குள் இருக்கும் துளைப்பானுக்கும் பலிக்காது. முட்டைகளும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் ஒரு முறை தெளித்ததோடு நிறுத்தக் கூடாது.

தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதைத் துணி துவைக்கும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரியாக மாறுகின்றன. அந்தத் திரிக்குப் பூச்சியைக் கொல்லும் தன்மை கிடையாது. இலையில் வெள்ளைப் பூச்சாகப் படியும், தெளிப்பானின் முனையை அடைக்கும், அவ்வளவுதான்.

கணக்காகவே பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சிய, மக்னீசிய உப்புகளின் அளவு) உள்ள தண்ணீர், ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 1.8 கிராம் சோப்பைத் தின்றுவிடும். 600 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 3.6 கிராம் போய்விடும். லிட்டருக்கு 5 கிராம் சோப்பு போட்டவருக்கு மிஞ்சுவது ஒன்றரை கிராம்கூட இல்லை. தெளிப்பு இலையில் ஒட்டிப் பரவட்டும் என்று 1 கிராம் மட்டும் சேர்த்தவருக்கு மிச்சமே இல்லை. குடிநீரிலேயே 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றுதான் இந்தியத் தரநிலை சொல்கிறது. ஆக, குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் சோப்புக் கரைசலுக்கு மோசமாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, நகக்கண் அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று, தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்லது. நுரை உடனே அடங்கி, தயிர் திரிந்த மாதிரி துகள் மிதந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். பதிலுக்கு மழைநீர், ஆர்.ஓ. வடிகட்டியில் வரும் நல்ல நீர், ஏ.சி. குழாயில் சொட்டும் நீர் எதையும் பயன்படுத்தலாம். ஏ.சி. நீரில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது என்பதால் சோப்புக்கு மிகவும் தோது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். வீட்டுத் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்து கிடப்பது அதில்தான்.

எந்த சோப்பு?

பாத்திரம் கழுவும் திரவமும், சலவைத் தூளும் சோப்பு அல்ல. அவை செயற்கை அழுக்கு நீக்கிகள். கடினநீரிலும் நுரைக்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை என்பதால் இலையின் மெழுகுப் படலத்தையும் எடுத்துவிடும். சலவைத் தூளில் சோடா உப்பும் வெண்மையாக்கிகளும் சேர்ந்திருக்கும். மலிவான சலவைப் பார்களிலும் சோடாவும் சிலிக்கேட்டும் கலந்திருப்பதுண்டு. கைப்பிடி அளவில் போட்டுவிட்டு, இரண்டு நாளில் இலை ஓரம் கருகியதும் சோப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

குளியல் சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம். 'பேதிங் பார்' என்று அச்சிட்டவற்றில் இந்த எண் குறைவாக இருக்கும், செயற்கை நுரைப்பான்களும் இருக்கலாம். அவற்றை விட்டுவிடுங்கள். வாசனையும் நிறமும் குறைந்த, 76-க்கு மேலான சோப்போ, நம்பிக்கையான இடத்தில் வாங்கிய காதி சோப்போ போதும்.

எந்த எண்ணெயில் செய்த சோப்பு என்பதிலும் வேறுபாடு உண்டு. பூச்சிகளிடம் நன்றாக வேலை செய்வது ஒலிக் அமிலம். கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் மூன்றிலும் அது தாராளமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் குறுகிய சங்கிலி கொண்ட அமிலங்கள் கூடுதல். அவற்றில் மிகக் குறுகியவை இலையைக் கருக்கும் இயல்புடையவை. அந்த வகை அமிலங்களைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள். எனவே தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்த சோப்பு, நுரை பொங்கினாலும் இளந்தளிருக்கு ஏற்றதல்ல.

கடையில் கிடைப்பதில் வேப்ப சோப்பும் புங்க சோப்பும் நல்ல தேர்வு. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய தயாரிப்புகள் இவை. உரிமம் பெற்ற பலர் இன்று செய்து விற்கிறார்கள். பயிருக்கேற்ற அளவு உறையிலேயே இருக்கும், பெரும்பாலும் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம்.

பொட்டாசியம் சோப்பைச் சொந்தமாகக் காய்ச்ச

சாதாரண பார் சோப்பு சோடியம் சோப்பு. எப்போதாவது தெளித்தால் பாதகமில்லை. தொட்டிச் செடிக்கு வாரா வாரம் தெளித்தால் வழியும் சோடியம் மண்ணில் சேரும். பொட்டாசியம் சோப்பில் அந்தக் கவலை இல்லை, ஆறினாலும் கட்டியாக உறையாது. தோட்டம் பெரிதாக இருப்பவர்கள் ஒரு முறை காய்ச்சி வைத்துக்கொள்ளலாம்.

கடலை எண்ணெய் 500 கிராம், 90 விழுக்காடு தூய்மையுள்ள காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 100 கிராம், ஆர்.ஓ. நீர் 200 மி.லி. எல்லாவற்றையும் எடை போட்டே எடுங்கள். கண்ணளவு இங்கே ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே ஆகும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும்.

நீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். காஸ்டிக்கின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எண்ணெயை 65–70 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் இந்தக் கரைசலை மெல்ல ஊற்றி, கை பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். கஞ்சி பதம் வந்து இறுகும். பிறகு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் அதை வைத்து மூடி, அரை மணிக்கொரு முறை கிளறி, மூன்று நான்கு மணி நேரம் வேகவிடுங்கள். வாசலின் போலக் கண்ணாடித்தன்மை வந்தால் வெந்துவிட்டது. சோதிக்க, 5 கிராமை 50 மி.லி. சூடான ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். லேசாக மங்கலாக இருந்தால் பரவாயில்லை. எண்ணெய்ச் சொட்டு மிதந்தால் இன்னும் வேக வேண்டும். காஸ்டிக் தோலில் பட்டால் குழாயைத் திறந்து ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

இந்தப் பசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சோப்பு. அதாவது 15 கிராம் பசையில் 10 கிராம் சோப்பு இருக்கும்.

அளவும் தெளிப்பும்

பார் சோப்பு என்றால் முதலில் ஒரு மூலக்கரைசல் செய்துகொள்ளுங்கள். காய்த்துருவியில் சீவிய சோப்பு 50 கிராமைச் சூடான நல்ல நீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்குங்கள். ஆறியதும் கூழாக இறுகலாம். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இதில் 100 மி.லி. எடுத்து நீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் அது அரை விழுக்காட்டுக் கரைசல். 200 மி.லி. எடுத்தால் ஒரு விழுக்காடு.

அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அரை விழுக்காட்டில் தொடங்கலாம். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் ஒரு விழுக்காடு வேண்டும். இரண்டு விழுக்காட்டைத் தாண்டவே கூடாது. புதிய செடி, புதிய சோப்பு எதுவானாலும் முதலில் நாலைந்து இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். பெரணிகள், நாற்றுப் பருவச் செடிகள், வாடிய செடிகள், நட்டு ஒரு வாரம் ஆகாதவை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முட்டைக்கோஸ், நூக்கல், திராட்சைக் குலை, கள்ளிச்செடி வகைகளில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகு இருக்குமே, அது சோப்பு பட்டால் போய்விடும், மறுபடி எளிதில் வராது.

காலை ஏழு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ தெளியுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் கரைசல் சட்டென்று காய்ந்து, பூச்சியைக் கொல்லும் முன்பே இலையைச் சுடும். மாலைதான் இன்னும் நல்லது: ஈரம் நெடுநேரம் நிற்கும், தேனீக்களும் கூடு திரும்பியிருக்கும். முந்தின நாளே வேருக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் தெளித்த பயன் இல்லை. தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து தெளித்து, பிறகு மேலே வாருங்கள். நுனியிலிருந்து சொட்டத் தொடங்கும்போது நிறுத்துங்கள். மாவுப்பூச்சி அப்பிய இடத்தில் முதலில் தண்ணீரைப் பீய்ச்சியோ பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோ பஞ்சை உடைத்துவிட்டுத் தெளியுங்கள். பஞ்சுக்குள் நீர் நுழைவதில்லை. மென்மையான செடி என்றால் இரண்டு மணி நேரம் கழித்து வெறும் நீரால் கழுவிவிடலாம், அதற்குள் சாக வேண்டியது செத்திருக்கும்.

ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். தப்பிய முட்டைகள் பொரிந்து வரும் குஞ்சுகளை அடுத்தடுத்த சுற்றுகள் பிடிக்கும்.

தெளிப்பதற்கு முன் செடியை உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, மெழுகுத் திரிகளோடு, வேகமாக நடமாடுவது ஏதாவது இருந்தால் அது மாவுப்பூச்சியே அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் இளம்புழு அது. அசுவினிகளுக்கு நடுவே பழுப்பாக உப்பி அசையாமல் கிடப்பவை ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டவை. இவை நிறைய இருந்தால் சோப்பைத் தள்ளிப்போடுங்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-இல் விடப்பட்ட அசரோஃபேகஸ் என்ற கடுகளவுகூட இல்லாத குளவிதான். இத்தகைய துணைவர்களை நாமே கொல்லக் கூடாது.

எறும்பையும் கவனியுங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்புகள் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கியும் போகும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் எத்தனை முறை தெளித்தாலும் கூட்டம் திரும்ப வரும்.

வேப்பெண்ணெய் சேர்க்கும்போது

சோப்பு உடனடியாகக் கொல்கிறது. வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரிப்பதைத் தடுத்து, உண்ணவும் விடாமல் செய்கிறது. இரண்டும் நல்ல ஜோடி. 1 லிட்டர் கரைசலுக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., மூலக்கரைசல் 40 மி.லி. போதும். முதலில் ஒரு கிண்ணத்தில் எண்ணெயையும் சோப்பையும் மட்டும் கலந்து வெண்ணெய்போல ஆக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கி, கடைசியில் மீதி நீரைச் சேருங்கள். வாளி நீரில் எண்ணெயை நேரடியாக ஊற்றினால் மேலே மிதக்கும். முதலில் தெளித்த செடிகளுக்கு வெறும் நீரும், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும். கருகுவது அந்தக் கடைசிச் செடிதான். கொதிநீர் வேண்டாம், சூடு அசாடிராக்டினைக் கெடுக்கும். கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள்.

வயலுக்கு வேப்பெண்ணெய் 3 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 30 மி.லி. என்று பரிந்துரைப்பதுண்டு. மாடித்தோட்டத்துத் தளிர்களுக்கு அவ்வளவு தேவையில்லை, 10 மி.லி.-யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எண்ணெய் பிடிக்காத செடிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மேல். இடித்த பருப்பு 50 கிராமை 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, 2 கிராம் சோப்பு சேர்த்து மாலையில் தெளியுங்கள். கந்தகம் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் வரை எண்ணெய் கூடாது, இலை வெந்துவிடும். கீரைக்கு வேப்பெண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. வாடை எளிதில் போகாது.

இலைவழி உணவு: சோப்போடு எது சேரும்?

இலையில் உள்ள மெழுகு நீரை உருட்டிவிடும். சிறிதளவு சோப்பு சேர்ந்தால் துளி தட்டையாகப் பரவி, சத்து உள்ளே போக வழி கிடைக்கும். இதற்கு லிட்டருக்கு 1 கிராம் போதும். ஆனால் சோப்புக்கு இரண்டு பகைகள் உண்டு. கால்சியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம், தாமிரம் போன்ற உலோகங்கள் அதைத் திரிக்கும். அமிலம் அதை உடைத்து எண்ணெயாகப் பிரிக்கும்.

அதனால் எப்சம் உப்பு (லிட்டருக்கு 5 கிராம்), துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட் ஆகியவற்றோடு சோப்பு சேர்க்கவே கூடாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் இரண்டும் நொதித்துப் புளித்தவை, அவற்றிலும் சோப்பு உடையும். 19:19:19 போன்ற நீரில் கரையும் உரங்களும் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை. யூரியாவோடு மட்டும் தயங்காமல் சேர்க்கலாம், அது அயனியாக, அதாவது மின்னேற்றமுள்ள துகளாக, பிரிவதில்லை என்பதால் சோப்பைத் திரிக்காது. தனியாகத் தெளித்தால் லிட்டருக்கு 10 கிராம் யூரியா. சோப்பு சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும் என்பதால் 5 கிராமாகக் குறையுங்கள். பயறு வகைகளுக்கு, பூக்கும்போதும் 15 நாள் கழித்தும், 20 கிராம் டி.ஏ.பி.-யை லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் தெளிப்பார்கள். அதில் சோப்பு சேர்க்க நினைத்தால் ஒரு டம்ளரில் கலந்து அரை மணி நேரம் பாருங்கள். திரிந்தால் வாளியில் கலக்காதீர்கள்.

உலோக உப்புக்கும் புளித்த கரைசலுக்கும் ஒட்டும் பொருள் வேண்டுமென்றால் பூந்திக்கொட்டை இருக்கிறது. அதன் நுரை கொழுப்பு அமில உப்பால் வருவதில்லை, சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருளால் வருவது. அதனால் கடினநீரும் புளிப்பும் அதைத் திரிப்பதில்லை. விதை நீக்கிய பத்துப் பதினைந்து தோல்களை 1 லிட்டர் சூடான நீரில் இரவு ஊறவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். தெளிப்புக் கரைசலின் ஒவ்வொரு லிட்டருக்கும் இதில் 50 மி.லி. சேருங்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி., மீன் அமிலம் 5 மி.லி., மண்புழுக் குளியல் நீர் என்றால் பத்துக்கு ஒரு பங்கு. இரண்டு மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். பூந்திக்கொட்டை மிச்சத்தை மீன் இருக்கும் குளத்திலோ அல்லித் தொட்டியிலோ கொட்டாதீர்கள், மீன் செத்துவிடும்.

பூச்சியும் இருக்கிறது, சத்துக் குறையும் இருக்கிறது என்றால் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள் மாலை சோப்பு, செவ்வாய் காலை வெறும் நீரால் கழுவல், வியாழன் மாலை சத்து. அசுவினி மொய்த்திருக்கும்போது யூரியா தெளித்தால் கொழுந்து இன்னும் சதைப்பற்றாகி அசுவினிக்குத்தான் விருந்து. நுண்ணூட்டக் குறைக்கு இலைவழி தெளிப்பு விரைவாகப் பலன் தரும். தழை, மணி, சாம்பல் சத்து முழுவதையும் இலை வழியாகக் கொடுத்துச் செடியை வளர்க்க முடியாது, அவை மண் வழியாகவே போக வேண்டும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க

இரண்டு நாளில் இலை ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகினால் கரைசல் கடுமை, அல்லது வெயிலில் தெளித்தது. உடனே வெறும் நீரால் கழுவி, அடுத்த முறை பாதி அளவில் தெளியுங்கள். அடி இலைகளின் நுனி மட்டும் கருகியிருந்தால் அங்கே கரைசல் தேங்கியிருக்கிறது. இலை மேல் வெள்ளைப் பூச்சு படிந்தால் தண்ணீர் கடினம். நான்கே நாளில் அசுவினி பழையபடி மொய்த்தால் அடிப்பக்கம் நனையவில்லை, அல்லது எறும்பு நடமாட்டம் இருக்கிறது. பூச்சி போன பிறகும் இலை மேல் கரிப்பூசணம் நின்றால் 25 கிராம் மைதாவை 1 லிட்டர் நீரில் காய்ச்சி ஆறவைத்துத் தெளியுங்கள். காய்ந்ததும் படலமாக உரிந்து கரியோடு விழும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ விட்டுப்போன கருப்புக்கும் இதே முறைதான்.

வேலை முடிந்ததும் தெளிப்பானில் வெந்நீர் ஊற்றி, முனை வழியாக முழுவதும் பீய்ச்சி வெளியேற்றுங்கள். உள்ளே தங்கிய வேப்பெண்ணெய் காய்ந்தால் பிசினாகிவிடும், அடுத்த முறை ஊசி வைத்துக் குத்தினாலும் முனை திறக்காது.